பல் மருத்துவரின் கை: அஸ்ஸஹ்ராவீ முதல் காற்றுச் சுழலி வரை

அந்தலூஸின் மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ (சுமார் 936–1013) எழுதிய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. சூடிடுதல், வெட்டுதல், எலும்பு பொருத்துதல் என்று மூன்று பிரிவுகளாக அமைந்த அப்பகுதியில், பற்களின் மேல் படிந்து இறுகும் காரையைச் சுரண்டி எடுக்கும் முறைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியை உன் முன்னே அமர்த்து, அவன் தலையை உன் மடியில் வைத்துக்கொள், பிறகு சுரண்டத் தொடங்கு என்ற கருத்தில் அவர் மாணவனுக்கு வழிகாட்டுகிறார். ஒரே அமர்வில் பல் தூய்மையானால் நன்று. இல்லையெனில் மறுநாளும், அதற்கடுத்த நாளும் தொடரலாம் என்கிறார். பல்லின் உட்புறத்திற்கு ஏற்ற சுரண்டி வெளிப்புறத்திற்கு ஆகாது, இரு பற்களின் இடுக்கிற்கு இன்னொன்று வேண்டும் என்று விளக்கி, 14 சுரண்டிகளின் வடிவங்களை வரைந்தும் காட்டுகிறார்.

இந்த அத்தியாயத்தை நம்மவர் கட்டுரைகளில் அடிக்கடி காணலாம். ஆனால் அது எடுத்தாளப்படுவது பெரும்பாலும் ஒரே நோக்கத்திற்காகத்தான்: ‘இதையும் முதலில் செய்தவர்கள் முஸ்லிம்களே’ என்ற பட்டியலில் மற்றொரு வரியைச் சேர்ப்பதற்காக. பெருமை கொள்வது தவறன்று. எனினும் அந்தப் பட்டியல் ஒரு கருவியின் பெயரையும் ஓர் ஆண்டையும் பதிந்துவிட்டு, அக்கருவியைப் பிடித்த கையை விட்டுவிடுகிறது. அஸ்ஸஹ்ராவீயின் நூல் ஒரு கைவினைஞரின் பணிக்குறிப்பு. யார் எங்கே அமர்வது, தலை எதன்மீது சாய்வது, கொறடு எவ்வளவு தடிமனாக இருப்பது என்பனவெல்லாம் அதில் உண்டு. உடல் உழைப்பின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இத்தகைய விவரங்களே பெரும் செல்வம்.

மடியில் தலை என்ற அந்த அமைப்பையே எடுத்துக்கொள்வோம். நோயாளியின் தலை மருத்துவரின் தொடையில் தங்குவதால் அது ஆடுவதில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு கையைச் செலவிட வேண்டியதில்லை, இரு கைகளும் பணிக்கு விடுபடுகின்றன. முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்கின்றன. கையைத் தோளுயரத்தில் தூக்கி வைத்திருக்கும் துன்பம் இல்லை. மறுபுறம், வாய்க்குள் நோக்க வேண்டுமானால் கழுத்தும் முதுகும் வளைந்தே ஆக வேண்டும். ஆகவே தோளுக்கு நலம், கழுத்துக்குக் கேடு என்று இந்த அமைப்பை மதிப்பிடலாம். பல் பிடுங்கும்போது தலையை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொள்ளச் சொல்கிறார். அங்கே தேவை அசையாமை. கையின் விசை முழுதும் பல்லுக்குப் போய்ச் சேர வேண்டும், ஆடும் தலையைத் தொடர்வதில் வீணாகக் கூடாது.

பிடுங்கும் முறையிலும் இதே சிக்கனத்தைக் காண்கிறோம். வலிக்கும் பல் எதுவென முதலில் உறுதிசெய்ய வேண்டும், நோயாளி தவறான பல்லைக் காட்டிவிடக்கூடும் என்று எச்சரிக்கிறார். பிறகு பல்லைச் சூழ்ந்த ஈறைக் கத்தியால் விலக்கி, விரலாலோ மெல்லிய கொறடாலோ சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்தி, அதன்பின்னரே வலிய கொறடால் பற்றி நேராக இழுக்கச் சொல்கிறார். பற்றும்போது வளைந்துகொடுக்காதபடி அக்கொறடு தடித்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முரட்டு பலத்தால் இழுத்துப் பல்லையும் தாடை எலும்பையும் உடைத்துவிடும் நாவிதர்களை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். கண்டனத்தின் காரணம் நோயாளிக்கு நேரும் துன்பமே. ஆயினும் தளர்த்தியபின் இழுப்பவனுக்கு இழுக்க வேண்டிய விசை குறைவு என்பதை, பல நூறு பற்களைப் பிடுங்கிய ஒருவர் தம் தோளில் உணராமல் இருந்திருக்க முடியாது.

வரிசையை விட்டு நீண்டு வளர்ந்த பல்லை அராவிச் சமன்செய்யும் இடம் இன்னும் சுவையானது. இதற்கான அரம் இந்திய இரும்பால் ஆகியிருக்க வேண்டும் என்கிறார். ஊசி செய்வோர் வைத்திருக்கும் அரத்தைப் போல அதன் பற்கள் மிக நுண்ணியவை. ஒரே நாளில் முடிக்க முயலாமல், பல நாள்களில், மென்மையாக, சிறிது சிறிதாக அராவ வேண்டும். விரைந்தால் பல் ஆட்டங்கண்டு விழுந்துவிடும். இங்கும் அவர் சொல்லும் காரணம் பல்லின் நலம்தான். கையின் நலத்தை அவர் ஒருபோதும் தனித்துப் பேசுவதில்லை. ஆனால் நோயாளிக்காக விதித்த ஒழுங்கு கைக்கும் ஓய்வைத் தந்தது. நுண்ணிய அரமும், கூர்மையான முனையும், பல நாள்களாகப் பிரித்த பணியும் களைப்பைக் குறைக்கும் வழிகள் என்று இன்றைய பணிச்சூழலியல் ஏற்கிறது.

அஸ்ஸஹ்ராவீ அந்தலூஸில் கருவிகளைப் பற்றி எழுதிய அதே தலைமுறையில், முஸ்லிம் உலகின் மறுகோடியில் இப்னு ஸீனா (980–1037) களைப்பைப் பற்றி எழுதினார். ‘அல்கானூன்’ முதல் நூலில் ‘இஃயா’ எனப்படும் களைப்பை அவர் வகைப்படுத்துகிறார். புண்ணைத் தொட்டாற்போன்ற உணர்வைத் தருவது குரூஹீ. உடல் இழுத்து முறுக்கப்பட்டாற்போல் இருப்பது தமத்துதீ. வெப்பமும் வீக்கமும் போன்ற உணர்வோடு வருவது வரமீ. இவற்றோடு வறட்சியை உணர்த்தும் கஷஃபீ என்ற நான்காவதையும் சேர்க்கிறார். இந்தப் பகுப்பின் வேர்கள் ஜாலீனூஸ் எனும் கேலனிடம் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடற்பயிற்சிக்கு முன் உடலைத் தயார்செய்யும் பிடித்துவிடுதல் ஒன்று, பயிற்சிக்குப் பின் உடலை மீட்டெடுக்கும் பிடித்துவிடுதல் மற்றொன்று என இரண்டையும் அவர் வேறுபடுத்துவது மிக நுட்பமானது. பின்னதற்கு ‘தல்குல் இஸ்திர்தாத்’ என்று பெயர். எண்ணெய், குளியல், ஓய்வு ஆகியனவும் சிகிச்சையில் அடங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலின் இயக்கத்தை இப்னு ஸீனா இரண்டாகப் பிரிக்கிறார். மனிதன் தன் தொழிலின் ஊடே செய்ய நேரும் இயக்கம் ஒன்று, உடல் நலத்திற்காகவே மேற்கொள்ளும் பயிற்சி இன்னொன்று. அவருடைய விரிவான பேச்சு பின்னதைப் பற்றியதே. மல்யுத்தம், நடை, குதிரையேற்றம் என்று ஓய்வுள்ளவனின் உடலுக்கு விதிகள் விரிகின்றன. கொல்லனின் தோளும் எழுத்தனின் மணிக்கட்டும் மருத்துவனின் விரலும் முதல் வகையோடு நின்றுவிட்டன. தொழிலால் வரும் களைப்பைத் தனித் துறையாக வளர்க்கும் கதவு அங்கே திறந்துதான் இருந்தது. அதற்குள் அவர் நுழையவில்லை.

கையைப் பற்றி நேராகப் பேசியவர்கள் மருத்துவ ஆசிரியர்களல்லர், சந்தைக் கண்காணிப்பாளர்கள் என்பது வியப்பிற்குரியது. 12ஆம் நூற்றாண்டின் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிப் எனப்படும் அங்காடி மேற்பார்வையாளர்களுக்காக எழுதிய கையேட்டில், இரத்தம் வடிப்போருக்குச் சில விதிகளைக் கூறுகிறார். கற்பவன் முதலில் கீரை இலையின் நரம்புகளைக் கீறிக் கீறிக் கையை நேராக்கிக்கொள்ள வேண்டும். விரல் நுனிகளைக் காய்ப்பேறச் செய்து தொடுவுணர்வை மழுங்கடிக்கும் வேறு கைத்தொழில் எதையும் அவன் செய்யலாகாது. தன் பார்வையையும் பேணிக்கொள்ள வேண்டும். சிகிச்சை செய்பவனின் கையை ஒரு கருவிபோலக் கருதி, அதன் பராமரிப்பைச் சட்டத்தின் கண்காணிப்பிற்குள் கொண்டுவரும் விதிகள் இவை. இங்கும் அந்தக் கை பேணப்படுவது நோயாளிக்காகத்தான். உடலுக்கும் மனிதன்மீது உரிமை உண்டென அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) உணர்த்திய செய்தி நாமெல்லாம் அறிந்ததே. அதை நோன்பு, இரவு வணக்கம் ஆகியவற்றில் அளவு காக்கும் பாடமாகவே படித்துப் பழகிவிட்டோம். பட்டறைக்கும் மருத்துவமனைக்கும் அதைக் கொண்டுசெல்வது இன்னும் நம்முன் உள்ள பணி.

அஸ்ஸஹ்ராவீயின் நூல் 12ஆம் நூற்றாண்டில் தொலைதோவில் கிரெமோனாவின் ஜெரார்டு என்பவரால் லத்தீனுக்குச் சென்றது. மறுதிசையில், அனதோலியாவின் அமாஸ்யா மருத்துவமனையில் பணிபுரிந்த ஷரஃபுத்தீன் சபுன்ஜுவோக்லு 1465இல் அதைத் தழுவி, தம் அனுபவங்களைச் சேர்த்து, துருக்கிய மொழியில் ‘ஜர்ராஹிய்யத்துல் கானிய்யா’ என்ற நூலை இயற்றினார். அப்போது அவர் முதுமையின் எல்லையில் இருந்தார். அஸ்ஸஹ்ராவீ கருவிகளை மட்டுமே வரைந்தார். சபுன்ஜுவோக்லு கருவியோடு மனிதர்களையும் வரைந்தார். வண்ணம் தீட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றோவியங்களில் மருத்துவர் எங்கே அமர்கிறார், நோயாளி எப்படிச் சாய்கிறார், எந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் தெரிகின்றன. சில ஓவியங்களில் சிகிச்சை செய்பவர்கள் பெண்கள். பணிநிலையின் வரலாற்றை எழுத விரும்புவோருக்கு இத்தகைய சான்று மிக அரிது. இந்நூலின் படிகள் இஸ்தான்புல்லிலும் பாரிஸிலும் உள்ளன.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நோயாளி தரையில்தான் அமர்ந்தார். அந்த வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் பிரான்சின் பியர் ஃபோஷார். 1728இல் வெளியான தம் பல் அறுவை நூலில், தரையில் அமர்த்தி முழங்கால்களுக்கு இடையே தலையை வைப்பது தூய்மைக்கும் ஒவ்வாது, நோயாளிக்கும் துன்பம், கருவுற்ற பெண்களுக்குப் பெருந்தீங்கு என்று கூறி, கைகளும் முதுகும் தாங்கும் நாற்காலியில் அமர்த்துமாறு வற்புறுத்தினார். அவர் கூறிய காரணங்கள் நியாயமானவை. ஆனால் நோயாளி நாற்காலியில் ஏறி அமர்ந்தபோது மருத்துவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 230 ஆண்டுகள் பல் மருத்துவர் நின்றார். 1790இல் அமெரிக்காவின் ஜோசையா ஃபிளாக் தலைதாங்கி பொருத்திய நாற்காலியைப் பயன்படுத்தினார். 1832இல் இலண்டனின் ஜேம்ஸ் ஸ்நெல் சாயும் நாற்காலியை அமைத்தார். நோயாளியின் வசதி படிப்படியாக வளர்ந்தது, நிற்பவரின் நிலை மாறவில்லை.

நிற்பது களைப்பா என்று கேட்கலாம். இத்தாலியின் பெர்னார்தீனோ ராமஸ்ஸீனி 1700இல் மோதேனாவில் வெளியிட்ட தொழில்நோய் நூலில் இதற்கு விடை உண்டு. நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். இப்னு ஸீனா நுழையாத கதவுக்குள் நுழைந்தவர் என்று அவரைச் சொல்லலாம். நெடுநேரம் நடப்பவனைவிடச் சிறிது நேரம் அசையாது நிற்பவன் அதிகம் களைப்பது ஏன் என்று ஆராய்ந்து, நிற்கும்போது எதிரெதிர்த் தசைகள் யாவும் ஒருசேர விறைத்திருப்பதை அவர் சுட்டுகிறார். எழுத்தர்களைப் பற்றிய அவர் அத்தியாயம் இன்னும் உருக்கமானது. ஓயாத எழுத்தால் வலக்கை செயலிழந்த ஒருவர், இடக்கையால் எழுதப் பழகிக்கொள்ள, பின்னர் அந்தக் கையும் அதே நோய்க்கு ஆட்பட்டதாக அவர் பதிந்துள்ளார். பல் மருத்துவர் தம் சுரண்டியை ஏறத்தாழ எழுதுகோலைப் போலவே பற்றுகிறார் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வர்ராக்குகளும் கையெழுத்துக் கலைஞர்களும் நிறைந்திருந்த நம் நாகரிகத்தில் அந்தக் கைகளின் வலியை எவரேனும் இப்படி எழுதிவைத்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

பின்னர் வந்தது இயந்திரம். ஃபோஷார் காலத்துத் துளைக்கருவி வில்லால் சுழன்றது. ஒரு கை துளைப்பானைப் பிடிக்க, மறு கை வில்லை இழுத்தது. 1871இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் மாரிசன் காலால் மிதித்து இயக்கும் துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். தையல் இயந்திரத்தைப் போலவே மிதிகட்டை, சக்கரம், வார் ஆகியவற்றால் அமைந்தது அது. வாய்க்குள் சுழலும் முனை நிமிடத்திற்குச் சுமார் 2,000 சுற்றுகளை எட்டியது. கை விடுதலை பெற்றது உண்மை. விலையைக் கொடுத்தது கால். மருத்துவர் ஒற்றைக் காலில் நின்று மற்றொரு காலால் மிதித்துக்கொண்டே, இடுப்பை வளைத்து, கையை மட்டும் மயிரிழையும் பிசகாமல் வைத்திருக்க வேண்டும். தையற்காரராவது அமர்ந்து மிதிக்கிறார், அவர் துணி நகர்வதுமில்லை, அழுவதுமில்லை. 1875இல் மிச்சிகனைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீன் மின்சாரத் துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மின்சாரம் ஊர்தோறும் பரவும்வரை மிதிகட்டையே தொழிலைத் தாங்கியது.

நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்வியின் தொடக்கம் இந்த மாறுதல் காலத்திலேயே நிகழ்ந்தது. கிழக்கு வங்காளத்தில் 1890இல் பிறந்த ரஃபியுத்தீன் அஹ்மத், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்ற பெயரில் ஒரு கடை நடத்தி, அதன் வருவாயால் கல்லூரியை வளர்த்தார் என்பது நம் சமூகம் அறிந்து போற்ற வேண்டிய செய்தி. 1928இல் மாணவர்களுக்கான பல் சிகிச்சைக் கையேடு ஒன்றையும் எழுதினார். 1964இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் மறு ஆண்டு காலமானார். கல்கத்தாவில் பல் மருத்துவம் பயின்ற ஃபாத்திமா ஜின்னா 1923இல் பம்பாயில் சிகிச்சைக்கூடம் திறந்தார். பெண்கள் மிக அரிதாகவே இத்தொழிலுக்கு வந்த காலம் அது.

கருவிகளின் வரலாற்றில் அடுத்த பெருந்திருப்பம் காற்று. 1949இல் நியூசிலாந்தின் ஜான் வால்ஷ் காற்றழுத்தத்தால் சுழலும் துளைப்பானை உருவாக்கினார். 1957இல் அமெரிக்காவின் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய காற்றுச் சுழலி நிமிடத்திற்கு சுமார் 3,00,000 சுற்றுகளை எட்டியது. முன்னர் அழுத்தித் துளைத்த இடத்தில் இப்போது தூரிகையால் தடவுவதுபோல் தொட்டாலே போதும். இதே காலத்தில் கேளா ஒலியின் அதிர்வால் காரையை உதிர்க்கும் கருவிகளும் வந்தன. 1958இல் முழுதும் சாயும் நாற்காலி அறிமுகமாயிற்று. 1960களில் மருத்துவரும் உதவியாளரும் அமர்ந்தபடியே நான்கு கைகளால் பணிபுரியும் முறை அமெரிக்காவில் பரவியது.

இந்த இடத்தில் வரலாறு ஒரு வட்டம் சுற்றி வந்துவிட்டதைக் காண்கிறோம். நோயாளி மல்லாந்து படுக்கிறார். மருத்துவர் அவர் தலைப்பக்கம் அமர்கிறார். தலை ஏறக்குறைய மருத்துவரின் மடியின் உயரத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கின்றன. குர்துபாவின் ஆசிரியர் இந்த அமைப்பைக் கண்டால் உடனே அடையாளம் கண்டிருப்பார். அமர்ந்த முறையை உருவாக்கியவர்கள் அஸ்ஸஹ்ராவீயைப் படித்து இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது மேலே குறைகூறிய பட்டியல் மனப்பான்மையே ஆகும். ஒரே வேலை, ஒரே வாய், ஒரே வகைக் கை என்பதால், ஒரே விடை இருமுறை கண்டறியப்பட்டது. இடையில் நின்ற 230 ஆண்டுகள்தான் விளக்கம் வேண்டுபவை.

அமர்ந்ததால் வலி தீர்ந்ததா? மருத்துவர்கள் நின்ற காலத்தில், 1946இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பல் மருத்துவர்களில் 65 விழுக்காட்டினர் முதுகுவலியைக் கூறியிருந்தனர். அமர்ந்து பணிபுரியும் முறை வேரூன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளின் பல் மருத்துவத் துறையினரிடையே தசை, எலும்பு சார்ந்த வலி 64 முதல் 93 விழுக்காடு வரை காணப்படுவதாகக் கூறியது. முன்பு கால்களிலும் இடுப்பிலும் இருந்த சுமை கழுத்து, தோள், கட்டைவிரல் ஆகியவற்றிற்கும் பரவியது. இயந்திரம் உழைப்பை ஒழிக்கவில்லை, உழைப்பின் வகையை மாற்றியது. அசைந்து களைத்த தசைகள் அசையாமல் களைக்கத் தொடங்கின.

இதன் உடலியல் எளிது. தசை சுருங்கி விரியும்போது இரத்தம் பிழியப்பட்டு மீண்டும் நிறைகிறது, கழிவுகள் நீங்குகின்றன. ஒரே நிலையில் சுருங்கியே இருந்தால் உள்ளழுத்தம் நுண்குழாய்களை நெருக்குகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, களைப்பு விரைகிறது. ராமஸ்ஸீனி நின்றவனிடம் கண்டது இதைத்தான். தூரின் நகரத்து ஆஞ்செலோ மோஸ்ஸோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விரலால் எடை தூக்கும் பொறியொன்றை அமைத்து, தசைக் களைப்பை வரைகோடாகப் பதிந்து காட்டினார். மன உழைப்பும் விரலின் வலிமையைக் குறைப்பதை அவர் கண்டார். அச்சத்தில் இறுகும் நோயாளியைச் சமாதானப்படுத்திக்கொண்டே பணிபுரியும் எவருக்கும் அது புரியும்.

விரல்நுனிப் பிடியின் கணக்கு இன்னும் கவலைக்குரியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கிலோ விசையுடன் ஒரு பொருளைப் பற்றினால், கட்டைவிரலின் அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுவதாக 1977இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கணக்கில் காரை சுரண்டுவோருக்கு அந்த மூட்டு தேய்வதில் வியப்பில்லை. கலிபோர்னியாவில் 2006இல் வெளியான ஆய்வொன்று, வெவ்வேறு பிடிகள் கொண்ட சுரண்டிகளைக் கொடுத்துக் கைத்தசைகளின் மின்னலைகளை அளந்தது. உருண்டு, முனை நோக்கி ஒடுங்கிய, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிடியே மிகக் குறைந்த விசையைக் கேட்டது. எடை குறைந்திருப்பதும் உதவுகிறது என்பது அவ்வாய்வுத் தொடரின் மற்றொரு முடிவு. பென்சிலைப் போன்ற மெல்லிய எஃகுக் கம்பியை மாணவர் கையில் கொடுக்கும் வழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. பிற விரல்களைப் பல்லின்மீது ஊன்றிக்கொண்டால் பிடியின் விசை குறையும் என்பதையும் அதே குழுவினர் அளந்து காட்டினர். திறமையான கைகள் அளவியல் தோன்றுமுன்பே அறிந்திருந்த உண்மை அது. மழுங்கிய முனை கேட்கும் விசை வேறு, கூரிய முனை கேட்பது வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காற்றுச் சுழலியிடம் வேறு குறைகள் உண்டு. அதன் எடை சிறிது. ஆனால் பின்னால் தொங்கும் குழாய் கருவியை எப்போதும் பின்னோக்கி இழுக்கிறது, அந்த இழுப்பை மணிக்கட்டு ஓயாமல் எதிர்க்க வேண்டியுள்ளது. குழாயைத் தாராளமாக விட்டு, முழங்கையின் மேலாகச் சுற்றி வைத்துக்கொள்ளும் பழைய உபாயம் இன்றும் பயன்தருகிறது. 1980களில் தொற்றுநோய் அச்சத்தால் கையுறை கட்டாய வழக்கமானபோது, இரு கைக்கும் பொதுவாகச் செய்த இறுக்கமான உறைகள் கட்டைவிரலை நாள் முழுதும் பின்னுக்கு இழுத்தன. நோயாளியைக் காக்க வந்த கருவி மருத்துவரின் விரலில் வரி வசூலித்த மற்றோர் உதாரணம் இது. வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியே, கைக்குப் பொருந்திய அளவில் அணிவதே இதற்குத் தீர்வு. செலவு சற்றுக் கூடும் என்பதால் பல சிகிச்சைக்கூடங்கள் தயங்குகின்றன.

அமர்ந்த நிலையும் தீர்க்காதது அஸ்ஸஹ்ராவீயின் மடி தீர்க்காத அதே கழுத்துதான். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. முதுகெலும்பின் மேல் நேராக நிற்கும்வரை அது சுமையன்று. முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசைகளே அதைக் கட்டி இழுத்து நிறுத்த வேண்டும். வாய்க்குள் கண்ணாடியால் பார்த்து வேலை செய்வோர் ஓரளவு தப்புகின்றனர். மேற்பற்களை நேராகப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் தப்புவதில்லை. கண்ணில் அணியும் உருப்பெருக்கிகள் முதலில் பார்வைக்காகவே வந்தன. பார்வைக்கோட்டைக் கீழ்நோக்கிச் சரித்து அமைத்தால் கழுத்தை நிமிர்த்தியே வாய்க்குள் காணலாம் என்பது பின்னரே உணரப்பட்டது. அந்தச் சரிவு குறைவாக அமைந்த உருப்பெருக்கி, அணிந்தவரைக் கழுத்து வளைந்த அதே நிலையில் பூட்டிவைக்கிறது. வாங்குவோர் பெரும்பாலும் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்றுதான் கேட்கிறார்கள், சரிவின் அளவை அரிதாகவே கேட்கிறார்கள்.

பணியைப் பிரிக்கும் வழக்கத்திற்கு நேர்ந்தது வேறு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரச் சொன்ன அந்தலூஸ் மருத்துவரின் ஏற்பாடு, காரை இறுகிக் கிடக்கும் வாய்களுக்கு இன்றும் ஏற்றது. நான்கு பகுதிகளாகப் பிரித்து நான்கு அமர்வுகளில் முடிப்பது பாடநூல்களில் இடம்பெற்ற முறைதான். ஆனால் வெளியூரிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து வரும் நோயாளி ஒரே அமர்வில் முடிக்கச் சொல்கிறார். நாற்காலி காலியாகக் கிடக்கக் கூடாதென்று கூடத்தின் உரிமையாளர் விரும்புகிறார். இருவருக்கும் நடுவே, கீழ்வரிசையின் கடைசிப் பற்களுக்கு வரும்போது விரல்கள் கருவியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கத் தொடங்குகின்றன. களைத்த கை தன் விசையை அளந்து செலவிடும் திறனைத்தான் முதலில் இழக்கிறது. அப்போது பல்லில் படும் அழுத்தமும் கூடிவிடுகிறது.